முகத்தில் தேங்கிய மழை

எங்கள் பக்கத்தில் யார் செத்தாலும் டாக்டருக்கு அடுத்தபடியாக எனக்குத்தான் தெரியும். பந்தல்காரருக்குப் போன் போடுவதற்கு முன்னால், சொந்தக்காரர்களுக்குக் கேதம் சொல்லி அனுப்புவதற்கு முன்னால், யாராவது ஒருவர் வண்டியை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்துவிடுவார். நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி, கண்மாய்க்கரையை ஒட்டிப் புதிதாக முளைத்த தெருக்களுக்கு நடுவில் ஃபிளக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காது குத்து, கல்யாணம், கட்சி பேனர் எல்லாம் உண்டு. ஆனால் கடை வாடகை கொடுப்பது கண்ணீர் அஞ்சலிதான். கல்யாணம் தள்ளிப் போகும், தேர்தல் எப்போதோ ஒருமுறை வரும். சாவு நாள் நட்சத்திரம் பார்ப்பதில்லை.

வருகிறவர் செல்போனில் ஒரு போட்டோ வைத்திருப்பார். பெரும்பாலும் அது ஆதார் அட்டையிலிருந்து எடுத்தது, களவாணி மாதிரி முழித்துக்கொண்டிருக்கும். இல்லாவிட்டால் யார் வீட்டுக் கல்யாணத்திலோ பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும்போது எடுத்தது. நான் கையில் இருக்கும் அப்பளத்தை எடுத்துவிட்டு, பக்கத்து இலைக்காரரை வெட்டிவிட்டு, வெள்ளைச் சட்டை மாட்டி, பின்னால் கொஞ்சம் மேகம் போட்டுக் கொடுப்பேன். உயிரோடு இருந்தபோது ஒருநாளும் அவ்வளவு லட்சணமாக இருந்திருக்க மாட்டார்கள். சண்டையெல்லாம் கீழே வரிசையாக வரும் முகங்களுக்குத்தான். "எங்க சித்தப்பா படம் இம்புட்டுச் சின்னதா இருக்கு, அவர் மச்சினன் படம் அம்புட்டுப் பெருசா இருக்கு" என்று எழவு வீட்டிலிருந்தே போன் வரும். செத்தவர் ஒருவர்தான் குறை சொல்லாத வாடிக்கையாளர்.

கருமாதி முடிந்ததும் ஃபிளக்ஸை அவிழ்த்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அதை என்ன செய்வது என்பது எங்கள் ஊரில் பெரிய சங்கடம். குப்பையில் போட முடியாது, பெற்றவர் முகம். எரிக்கவும் கூடாது. ஒருதரம் எரித்தாயிற்று, மறுபடியும் எரிப்பார்களா? மடித்துப் பரணில் போட்டால் முகத்தின் நடுவில் மடிப்பு விழும், எலி கடிக்கும். அதனால் வீட்டுக்கு உபயோகமாக இருக்கட்டும் என்று ஆட்டுக் கொட்டகைக்கு மேலேயோ விறகுக்கு மேலேயோ கட்டிவிடுவார்கள். எல்லாவற்றையும்விட அதிகமாகத் தண்ணீர்த் தொட்டிக்குத்தான். குழாயில் வாரம் ஒருமுறை தண்ணீர் வந்தால் அதிர்ஷ்டம் என்பதால், கொல்லையில் ஒரு சிமெண்டுத் தொட்டியோ நீலநிற டிரம்மோ இல்லாத வீடு இங்கே கிடையாது. முகம் எப்போதும் மேலே பார்த்திருக்கும்படிதான் போடுவார்கள். மனுஷனைக் குப்புறப் போடக் கூடாது என்பது சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்த சட்டம்.

என் மாமனார் எனக்குத் தாய்மாமன். அம்மாவின் தம்பி. சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கித் திரிந்தவர், பிறகு தன் மகளையும் எனக்கே கட்டிக்கொடுத்தவர். ஒரு பங்குனியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அவருடைய ஃபிளக்ஸை யாரையும் தொட விடாமல் நானே செய்தேன். மீசையின் ஒவ்வொரு நரைமுடியும் தெரிய வேண்டும் என்று அழுதுகொண்டே வேலை பார்த்தேன். தெருமுனையில் கட்டியபோது அத்தை நின்று பார்த்துவிட்டு, "கூப்பிட்டா திரும்பிருவாரு போல இருக்கே மாப்ள" என்றார். என் தொழிலில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டுப் பத்திரம் அதுதான்.

கருமாதிக்குப் பிறகு அத்தை அந்த ஃபிளக்ஸைக் கொல்லையில் இருந்த தொட்டியின்மேல் கட்டிவிட்டார். நான்கு மூலையிலும் கயிறு. "இருந்த வரைக்கும் தண்ணி பிடிச்சு ஊத்துனது அவருதான். இனியும் அவரே பாத்துக்கிரட்டும்" என்றார். எனக்கு அது பொருத்தமாகத்தான் பட்டது. என் மகள் அப்போது நான்காம் வகுப்பு. நானும் மனைவியும் கடையில் இருப்பதால் பள்ளிக்கூடம் விட்டதும் அம்மாச்சி வீட்டுக்குத்தான் போவாள். எதிர்வீட்டில் அவள் வகுப்பிலேயே படிக்கும் பையன் ஒருவன் இருந்தான். இரண்டு பேரும் அந்தத் தொட்டித் திண்டில் ஏறி உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவார்கள். எழுதுவதைவிட அடித்துக்கொள்வது அதிகம்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்தது. கண்மாய் உள்வாயை மேடாக்கிப் போட்ட பிளாட்டுகள் என்பதால் தெருவில் தண்ணீர் போகிற வழி தெரியாமல் நின்றது. மழையோடு காய்ச்சலும் வந்தது. ஒரு வீட்டில் வந்தால் அடுத்த வாரம் பக்கத்து வீட்டில். எல்லாருமே அதற்கு ஒரு பெயர் வைக்கப் பயந்தார்கள். விஷக் காய்ச்சல் என்றார்கள், சளிக் காய்ச்சல் என்றார்கள். கண்மாயைத் தூர்த்ததில் அய்யனாருக்குக் கோபம் என்று சொல்லிக் கரையில் பொங்கல் வைத்தார்கள். முக்கில் நிலவேம்புக் கஷாயம் ஊற்றினார்கள். புகை அடிக்கிற வண்டி வந்தது, பிள்ளைகள் அதன் பின்னால் கும்மாளம் போட்டு ஓடினார்கள். புகை கலைந்ததும் கொசு திரும்பி வந்தது.

எனக்குப் பயம் வந்தது காய்ச்சலால் அல்ல, என் கடைக்கு வந்த போட்டோக்களால். வழக்கமாக நரைத்த தலைகளாக வரும். அந்த மாதம் முதலில் ஒரு கல்லூரி மாணவன் வந்தான், மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு, கூலிங்கிளாஸோடு. பிறகு ஒரு புதுப்பெண். அவளுக்குக் கல்யாண பேனர் அடித்ததும் நான்தான். அதே படத்தில் மாப்பிள்ளையை மட்டும் எடுத்துவிட்டுத் திரும்ப அடித்துக் கொடுத்தேன். 'தோற்றம்' என்று போட்டு நான் அடிக்கும் வருஷம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பக்கம் நகர்ந்து வந்தது. என் மகள் பிறந்த வருஷத்தை நோக்கி வருகிறதே என்று ஒருநாள் தோன்றியது. தோன்றியதும் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வெளியே போய் ஒரு டீ குடித்தேன். வந்தவர்கள் எல்லாருமே எங்கள் தெருக்களைச் சேர்ந்தவர்கள். அதையும் கவனித்தேன். கவனித்து என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

கொசுப்புழு பார்க்கிற பெண்கள் இரண்டு பேர் வீடு வீடாக வந்தார்கள். அத்தை வீட்டுக்கு அவர்கள் வந்தபோது மதியச் சாப்பாட்டுக்கு நானும் அங்கே இருந்தேன். ஒருத்தி கொல்லைப்பக்கம் போனவள், "ஏம்மா, இங்க வந்து பாருங்க" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டாள்.

கட்டும்போது விறைப்பாக இருந்த ஃபிளக்ஸ் மழையிலும் வெயிலிலும் தொய்ந்து நடுவில் குழி விழுந்திருந்தது. அந்தக் குழியில் மழைத்தண்ணீர் நின்றது. நெற்றியிலிருந்து மீசை வரை மாமாவின் முகம் தண்ணீருக்கு அடியில் இருந்தது. கண்ணைத் திறந்துகொண்டு கிணற்றுக்குள் கிடக்கிற ஆளைப் போலத் தெரிந்தது. அந்தப் பெண் கரண்டியில் கொஞ்சம் அள்ளிக் காட்டினாள். சின்னச் சின்னதாகத் துள்ளிக்கொண்டிருந்தன.

"தொட்டி சுத்தமாத்தான் இருக்கு. மூடியிலதான் வளக்குறீங்க" என்றாள். "நடுவுல ஒரு ஓட்டை போட்டு விட்டுருங்க. தண்ணி தானா இறங்கிரும்."

"எதுல ஓட்டை போடச் சொல்ற?" என்றார் அத்தை.

"இதுலதாம்மா. ஒரு ஆணி போதும்."

"தாலி கட்டுன மனுஷன் மூஞ்சியில ஆணி அடிக்கச் சொல்றியா? நீ உன் புருஷன் மூஞ்சியில அடிப்பியா?"

அந்தப் பெண் பாவம், இப்படி எத்தனை வீட்டில் கேட்டாளோ. தண்ணீரைக் கவிழ்த்து ஊற்றிவிட்டு, சுவரில் எதையோ சாக்பீஸால் எழுதிவிட்டுப் போய்விட்டாள். எதிர்வீட்டு வாசலில் அந்தப் பையனின் அம்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கடையிலிருந்து படம் இல்லாத வேறு ஃபிளக்ஸ் கொண்டுவந்து தருகிறேன் என்றேன். "அப்ப இவரை எங்க போட?" என்றார் அத்தை. மனைவியிடம் சொன்னேன். அவள் அம்மா பக்கம்தான் பேசினாள். "எங்கப்பா மூஞ்சியப் போயி குத்தணுங்கிறீங்களே, உங்களுக்குக் கை வருமா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. மறுநாள் யாருக்கும் தெரியாமல் ஒரு ஆணியோடு போய்த் தொட்டி முன்னால் நின்றேன். ஒவ்வொரு நரைமுடியாகச் சரிசெய்த முகம். கை வரவில்லை. கடைசியில், தொட்டிக்கு நடுவில் ஒரு கம்பை நிறுத்தி, ஃபிளக்ஸைக் கூடாரம் மாதிரி தூக்கிக் கட்டிவிட்டு வந்தேன். யார் மனமும் கோணாமல் காரியம் முடிந்தது என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். அடுத்த மழைக்கே கம்பு சாய்ந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை.

மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது எதிர்வீட்டுப் பையனுக்கும் வந்தது. "ரெண்டும் சேந்தே லீவு போட்டுருச்சுக" என்று அத்தைகூடக் கேலி பண்ணினார். பக்கத்து கிளினிக்கில் காட்டினோம். ரத்தம் எடுத்தார்கள். பப்பாளி இலைச் சாற்றை அவள் வாயில் ஊற்றுவதற்குள் பெரும்பாடு. பிறகு காய்ச்சல் இறங்கியது. உடம்பு ஜில்லென்று இருந்தது. என் மனைவி பிள்ளையார் கோயிலுக்குத் தேங்காய் உடைக்கப் போனாள்.

எங்கள் பக்கத்தில் காய்ச்சல் விட்டால் தலைக்கு ஊற்றுவார்கள். அதோடு நோய் முடிந்தது என்று அர்த்தம். எதிர்வீட்டில் பையனுக்குத் தலைக்கு ஊற்றி, இட்லி கொடுத்து, வெளியே விட்டுவிட்டார்கள். எங்கள் வீட்டிலும் வெந்நீர் போட்டாயிற்று. துண்டை எடுக்கப் போன இடத்தில் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பல் ஈறில் ரத்தம் தெரிந்தது. அந்த வயிற்றுவலி ஒருமணி நேரம் கழித்து வந்திருந்தால் நாங்களும் தலைக்கு ஊற்றிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்போம்.

டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "காய்ச்சல் விட்ட பிறகுதான் இது வேலையைக் காட்டும். ரத்தத்துல தட்டணு ரொம்பக் குறைஞ்சிருக்கு. பாப்போம்" என்றார். அந்த 'பாப்போம்' என்கிற வார்த்தையை வைத்துக்கொண்டு இரண்டு நாள் அந்த வராண்டாவில் நடந்தேன். எந்த நேரமும் யாராவது வந்து போட்டோ இருக்கிறதா என்று கேட்பார்கள் போல இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். வழியில் என் கடை வாசலில், மூடிய ஷட்டருக்கு முன்னால், எதிர்வீட்டுப் பையனின் அப்பா உட்கார்ந்திருந்தார். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். எனக்குப் புரிந்துவிட்டது. அவர் சொல்லட்டும் என்று நின்றேன்.

"பெரியாஸ்பத்திரிக்குப் போற வழியிலயே போயிட்டான்ணே" என்றார்.

நான் ஷட்டரைத் தூக்கினேன்.

பள்ளிக்கூட அடையாள அட்டையை நீட்டினார். டை கட்டி, தலையைப் படிய வாரி, முறைத்துக்கொண்டிருந்தான். "இது அவன் மாதிரியே இல்லண்ணே. சிரிச்ச மாதிரி இருக்கணும்" என்று செல்போனைத் துழாவி ஒரு படத்தைக் காட்டினார். அத்தை வீட்டுத் தொட்டித் திண்டில் எடுத்தது. பையன் வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் என் மகள், அவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு. இரண்டு பேருக்கும் பின்னால் மாமாவின் நெற்றி தெரிந்தது.

"இதுல இருந்து எடுத்துரலாமில்ல?" என்று கேட்டார்.

எடுத்துவிடலாம். அதுதானே என் தொழில். எத்தனை பேரை வெட்டி எடுத்திருக்கிறேன். படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டு மவுஸில் கையை வைத்தேன். ஆஸ்பத்திரியில் கிடக்கிற என் பிள்ளையை என் கையாலேயே வெட்டித் தனியே எடுக்க வேண்டும். சகுனம் பார்க்கிற ஆள் இல்லை நான். அன்றைக்குப் பார்த்தேன். ஆத்தா மீனாட்சி, இது வேலை, வேறொன்றுமில்லை என்று வாய்விட்டே சொன்னேன். அவர் காதில் விழுந்திருக்கும்.

மகளை வெட்டி எடுத்த பிறகும் அவள் விரல்கள் பையனின் தோளில் மிச்சமிருந்தன. நான்கு விரல். அவற்றை ஒவ்வொன்றாக அழித்து, அந்த இடத்தில் அவன் சட்டையின் நீலத்தைப் பூசினேன். 'தோற்றம்' என்று அடித்து, என் மகள் பிறந்த வருஷத்தையே அடித்தேன். ஒரே வருஷம்தான் இரண்டு பேரும்.

மெஷின் ஓடும்போது, துணியில் அடித்துவிடலாமா என்று கேட்டுப் பார்த்தேன். துணியில் தண்ணீர் நிற்காது. அந்தக் காரணத்தை எந்த வாயால் சொல்வது? சும்மா, துணி நன்றாக இருக்கும் என்றேன்.

"துணி வெளுத்துரும்ணே. என் பிள்ளை முகம் வெளுக்கக் கூடாது. மழைக்கும் வெயிலுக்கும் நிக்கணும்."

ஃபிளக்ஸிலேயே அடித்தேன். சுருட்டிக் கையில் கொடுத்தபோது, குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதுண்ணே" என்று சொல்லிவிட்டு ஆட்டோவை எடுத்தார்.

கடையில் மரச்சட்டம் அடிக்க வைத்திருக்கும் ஆணிகளில் பெரிதாக ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேராக அத்தை வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு மாமாவே உயிரோடு வந்து நின்றிருந்தாலும் குத்தியிருப்பேன். கொல்லைக் கதவைத் தள்ளினேன். அத்தை தொட்டிக்குப் பக்கத்தில் ஈரத்தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காய் வெட்டுகிற கத்தி கிடந்தது. ஃபிளக்ஸ் கிழிகிழியாகத் தொங்கியது. கண் எது, வாய் எது என்று தெரியவில்லை.

"ஒரு ஓட்டைதான் போட வந்தேன் மாப்ள" என்றார். "ஆரம்பிச்ச பெறகு கை நிக்கல. பேத்திய இப்படிக் கெடத்திட்டியேன்னு குத்துனேன். எதுத்த வீட்டுப் பிள்ளையக் கொன்னுட்டியேன்னு குத்துனேன். அந்த மனுஷன் என்ன பண்ணுவாரு? நான்தான கட்டி வச்சேன்."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதிர்வீட்டில் ஒப்பாரி ஆரம்பித்தது. அத்தை முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து, கேதத்துக்குப் போனார். வாசல் வரை போனவர் உள்ளே போகக் கால் வராமல் வெகுநேரம் நின்றதை இந்தப் பக்கத்து வாசலிலிருந்து பார்த்தேன். பிறகு யாரோ ஒரு பெண் வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்.

என் மகள் பிழைத்துக்கொண்டாள். அடுத்த நாள் தட்டணு ஏற ஆரம்பித்தது, அந்த வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்துவிட்டோம். எங்கள் பிள்ளை பிழைத்ததற்கும் அந்தப் பிள்ளை பிழைக்காததற்கும் என்ன காரணம் என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஒரு வயிற்றுவலி சீக்கிரம் வந்தது. அவள் கொஞ்ச நாள் எதிர்வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பார்ப்பதை நிறுத்திக்கொண்டாள்.

மழை ஓய்ந்த பிறகு ஒரு நாள், புதிதாகக் கட்டிய மாடி வீடு ஒன்றில் பேனர் கட்ட மொட்டைமாடிக்குப் போனேன். நல்ல வெயில். நாகமலை துடைத்துவிட்ட மாதிரி தெரிந்தது. கீழே குனிந்து பார்த்தேன். எங்கள் தெருக்கள் முழுவதும், கொல்லை கொல்லையாக, நான் அடித்துக் கொடுத்த முகங்கள் வானத்தைப் பார்த்துப் படுத்திருந்தன. மேல்சட்டை மாட்டிவிட்ட பெரியவர்கள், அந்தக் கூலிங்கிளாஸ் பையன், அந்தப் புதுப்பெண். குழிகளில் தேங்கிய பழைய மழை வெயிலில் மினுங்கியது. ஒவ்வொரு முகத்தையும் எனக்குத் தெரியும். பேனரைக் கட்டாமலே கீழே இறங்கிவிட்டேன்.

அதன் பிறகு ஆணி என் சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது. கருமாதி முடிந்த வீடு ஒவ்வொன்றுக்கும் போனேன். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சீக்கிரம் குத்திட்டுப் போங்கண்ணே" என்றார்கள். சிலர் அடிக்க வந்தார்கள். காசை வாங்கிக்கொண்டு அடித்துக் கொடுத்தவனே வந்து ஓட்டை போடுகிறான் என்று கடைத்தெருவில் சிரித்தார்கள். 'ஆணிக்காரன்' என்று பட்டப்பெயர்கூட வந்துவிட்டது. இருந்துவிட்டுப் போகட்டும். எல்லா வீட்டுக்கும் போன நான் ஒரு வீட்டுக்கு மட்டும் போகவில்லை. அத்தை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பக்கம் பார்க்காமலே நுழைவேன்.

அடுத்த ஐப்பசியும் வந்தது. விடிய விடிய மழை. எங்கள் தெருவில் மறுபடி ஒரு வீட்டில் காய்ச்சல் என்று கேள்விப்பட்ட காலையில், மனதைக் கல்லாக்கிக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் ஆட்டோவுக்குப் போய்விட்டிருந்தார். பையனின் அம்மாதான் வந்தார். உள்ளே தையல் மெஷினில் பாதி தைத்த ஜாக்கெட் இருந்தது.

"வாங்கண்ணே" என்றவர் முதலில் கேட்டது, "பாப்பா நல்லா இருக்காளா?" என்பதுதான்.

"இருக்காம்மா."

"வளந்துருப்பா. எட்டத்துல போறதப் பாப்பேன்." என் சட்டைப் பையைப் பார்த்தார். "ஆணி கொண்டாந்துருக்கீகளா?"

ஊருக்கே தெரிந்தது அவருக்குத் தெரியாதா. தலையை ஆட்டினேன். கொல்லைப்பக்கம் கூட்டிப்போனார்.

தொட்டியின்மேல் பையன் சிரித்துக்கொண்டிருந்தான். ஒரு வருஷ மழைக்கும் வெயிலுக்கும் நின்றிருந்தான். சுற்றிலும் எல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. முருங்கை மரம், துணிக்கொடி, சுவர். அவன் முகத்தில் மட்டும் ஒரு சொட்டு ஈரம் இல்லை. தொட்டி ஓரத்தில் ஒரு டம்ளரும், நன்றாகப் பிழிந்து காயப்போட்ட ஒரு துண்டும் இருந்தன.

"ஓட்டை வேண்டாம்ணே" என்றார். "மழை விட்டதும் டம்ளர்ல வழிச்சு ஊத்திட்டுத் தொடச்சு விட்டுருவேன். மழை இல்லைன்னாலும் காலையில ஒருதரம் தொடைப்பேன். அவன் பள்ளிக்கூடம் கெளம்புற நேரத்துக்கு."

"ஊருக்குக் கீருக்குப் போனா என்னம்மா செய்வே?"

"நான் எங்கண்ணே போறேன்."

குனிந்து, அவன் தோளில் எதையோ துடைத்தார். நான் நீலம் பூசிய இடம். பார்க்கிறவர்களுக்கு அங்கே ஒன்றும் தெரியாது.

"இங்கதான உங்க பாப்பா கை இருந்துச்சு" என்றார். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அன்னைக்குப் புழு பாக்க வந்தவ போட்ட சத்தம் எனக்கும் கேட்டுச்சுண்ணே. தெருவுக்கே கேட்டுச்சு. உங்க மாமா மேல கெடந்த தண்ணியில இருந்துதான் வந்துச்சோ, வேற எங்க இருந்து வந்துச்சோ, எனக்குத் தெரியாது. நான் யாரையும் கேக்கப் போறதில்ல. ஆனா எம்பிள்ளை முகத்துல இருந்து இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு எதுவும் போயிரக் கூடாது. அம்புட்டுதான்."

ஆணியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. தூறல் மறுபடி விழ ஆரம்பித்தது. "நீங்க நனையாம உள்ள போங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, அவர் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்றார்.